வேர்வரை இறங்கிய குரல்

ஒரு கேசட். அதற்கு உறைகூட இல்லை. பல வாரங்கள் அது ஒரு மனிதரின் ஜீன்ஸ் பையிலேயே கிடந்தது. அவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன்; அமெரிக்க ராக் இசையின் பெரும்பெயர்களில் ஒருவர். 1981 இறுதியிலும் 1982 தொடக்கத்திலும், நியூ ஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில், வாடகை வீடொன்றின் படுக்கையறையில் அமர்ந்து அவர் தனியே பாடிய பாடல்கள் அதில் இருந்தன. தம் இசைக்குழுவுக்குப் பாடல்களின் வடிவைக் காட்ட ஒரு மாதிரி தேவைப்பட்டது, அதற்காகவே பதிந்தார். உலகம் கேட்கும் என்று அவர் நினைக்கவில்லை. அந்த மாதிரியே 1982 செப்டம்பர் 30 அன்று 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளிவந்தது.

இதைச் சுற்றி 2023இல் ஒரு நூலும் 2025இல் ஒரு திரைப்படமும் வந்துவிட்டன. எளிய கருவியின் வெற்றி என்றும், ஒரு கலைஞரின் துணிவு என்றும் இந்தக் கதை சொல்லப்படுகிறது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் வெற்றியையும் துணிவையும் தாண்டி, நம் எல்லோருக்கும் உரிய ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது. ஒருவர் தம் வேரைத் தேடித் தனியே இறங்கும்போது எதைக் காண்கிறார்? கண்ட பின் அவருக்கு என்ன நேர்கிறது? பாடகர்கள் மட்டும் கேட்கும் கேள்வியன்று இது. நடுவயதை நெருங்கும் எவரும், எல்லாம் கிடைத்த பிறகும் ஏதோ கிடைக்கவில்லை என்று உணரும் எவரும், ஏதோ ஓர் இரவில் இதன் முன்னால் வந்து நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டுக்கு வந்தபோது ஸ்பிரிங்ஸ்டீனுக்கு வயது முப்பத்திரண்டு. 1980இல் வெளிவந்த 'தி ரிவர்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அவருக்கு முதல் முதலிடத்தைத் தந்திருந்தது. ஏறத்தாழ ஓராண்டு நீண்ட இசைப்பயணம் 1981 செப்டம்பரில் முடிந்தது. எங்கு வேண்டுமானாலும் குடியேறலாம் என்ற நிலையில், தாம் வளர்ந்த ஃப்ரீஹோல்டு என்ற சிறு தொழில்நகரிலிருந்து சில மைல் தொலைவிலேயே வீடு பிடித்தார். இரவுகளில் காரை எடுத்துக்கொண்டு ஃப்ரீஹோல்டுக்குப் போவார். பால்யத்தில் வாழ்ந்த வீடுகளை மெல்லக் கடந்து செல்வார். இறங்கமாட்டார், யாரையும் சந்திக்கமாட்டார், திரும்பி வந்துவிடுவார். ஏன் போகிறோம் என்பது அவருக்கே விளங்கவில்லை.

நாமும் போகிறோம். காரில் இல்லாவிட்டாலும் நினைவில் போகிறோம். விற்றுவிட்ட வீடு, இடிக்கப்பட்ட திண்ணை, பெயர் மாறிய தெரு என்று மனம் அங்கேயே சுற்றுகிறது. அதற்கு ஏக்கம் என்று பெயரிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். ஆனால் இன்பமான இடத்துக்குத் திரும்புவதைத்தான் ஏக்கம் என்று சொல்ல முடியும். நோவு தந்த இடத்துக்கே மனம் மீண்டும் மீண்டும் திரும்புமானால், அதை ஏக்கம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே தீராத ஒரு கணக்கு இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங்ஸ்டீனின் கணக்கு அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1927இல் அவருடைய தந்தையின் அக்காள் வர்ஜீனியா, ஐந்து வயதுச் சிறுமி, மூன்று சக்கர சைக்கிளில் போனபோது லாரி மோதி இறந்தாள். பாட்டி அந்த இழப்பிலிருந்து மீளவேயில்லை. ராண்டால்ஃப் தெருவில் குடும்பம் வாழ்ந்த சிதைந்த வீட்டின் சுவரில் சிறுமியின் படம் தொங்கியது. இறந்த மகளுக்குத் தர முடியாமல் போன அன்பையெல்லாம் பாட்டி பேரன்மேல் கொட்டினார். அதே வீட்டில் தந்தை டக்ளஸ் இருந்தார். கம்பள ஆலை, கார்த் தொழிற்சாலை, பேருந்து ஓட்டுவது, சிறைக் காவல் என்று வேலை மாறி வேலை செய்தவர். இரவுகளில் விளக்கணைத்த சமையலறையில் சிகரெட்டும் பீருமாகப் பேசாமல் அமர்ந்திருந்தவர். அந்த மௌனம் மனநோயின் மௌனம் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே குடும்பத்துக்குத் தெரியவந்தது. சிறுவனுக்குத் தெரிந்ததெல்லாம், தந்தை தன்னைப் பார்க்கவில்லை என்பதுதான்.

இசை அந்த வீட்டுக்குத் தாயின் வழியாக வந்தது. சட்ட அலுவலகத்தில் செயலாளராக வேலைபார்த்த அடேல், வானொலியைப் பாடவிட்டு வீட்டை எழுப்புவார். எல்விஸ் பிரெஸ்லியைத் தொலைக்காட்சியில் பார்த்து மயங்கிய மகனுக்கு ஒரு கிடாரை வாடகைக்கு எடுத்துத் தந்தவரும் அவரே. எனவே இந்தக் கலைஞருக்கு இரண்டு வேர்கள் இருந்தன. ஒன்று ஒலியின் வேர். அது தாயிடமிருந்து வந்தது, மகிழ்ச்சியால் ஆனது. மற்றது மௌனத்தின் வேர். அது தந்தையிடமிருந்து வந்தது, சொல்லப்படாத துயரத்தால் ஆனது. முப்பது வயதுவரை அவர் பாடியதில் பெரும்பகுதி முதல் வேரின் பலத்தில் பாடியது. அரங்குகளை எழுந்து ஆடவைத்த பெரும் சத்தமெல்லாம், ஒருவகையில், இருண்ட சமையலறையின் மௌனத்தைக் கேளாதிருக்க எழுப்பிய சத்தம். ஆனால் பேசப்படாத ஒன்றை எவ்வளவு சத்தம் போட்டு மறைத்தாலும் அது போய்விடுவதில்லை; சத்தம் ஓயும் வரை காத்திருக்கிறது. சுற்றுப்பயணம் முடிந்த அந்தக் குளிர்காலத்தில் சத்தம் ஓய்ந்தது.

இங்கேதான் வேர் என்பதைப் பற்றி நாம் பொதுவாக நினைப்பது போதாமல் போகிறது. வேர் என்பது பிறப்பால் கிடைத்தது, நாம் கேட்காமலே நமக்குள் இருப்பது என்று எண்ணுகிறோம். பாதி மட்டுமே உண்மை. துயரம் பிறப்பால் வந்துவிடுகிறது. அந்தத் துயரத்தைச் சொல்லும் மொழி வந்துவிடுவதில்லை. அதைத் தேடித்தான் அடைய வேண்டும். தம் தந்தையின் மௌனத்தைப் பாட ராக் மேடையின் மொழி ஸ்பிரிங்ஸ்டீனுக்கு உதவவில்லை. தமக்கும் முந்தைய குரல்களிடம் போனார். 1980இல் வெளிவந்த உட்டி கத்ரியின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். பிழைப்புத் தேடி அலைந்த ஏழைகளின் நடுவே பாடிய அந்த மனிதர், நாட்டைப் புகழும் பாட்டுக்குள்ளேயே நாட்டிடம் கேள்வி கேட்க முடியும் என்று காட்டியவர். கண்ட்ரி இசைப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் தனிமையை மீண்டும் கேட்டார். ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்தளித்த பழைய நாட்டுப்புற இசைத்தட்டுகளைக் கேட்டார். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் பதிவான எண்பத்து நான்கு பாடல்கள் கொண்ட தொகுப்பு அது.

பழைமையோடு அவர் நிற்கவில்லை. நியூயார்க்கில் 'சூசைட்' என்ற பெயரில் இயங்கிய இருவர் 1977இல் பாடிய ஒரு நீண்ட பாட்டு, வறுமை தாளாத ஆலைத் தொழிலாளி ஒருவன் தன் குடும்பத்தையே அழிப்பதைச் சொன்னது. அந்த நகரத்துக் கூக்குரலும் அவர் காதில் ஒலித்தது. தென்மாநிலமான ஜார்ஜியாவில் வாழ்ந்து முப்பத்தொன்பது வயதில் மறைந்த ஃபிளானரி ஓ'கானரின் சிறுகதைகளைப் படித்தார். மனித மனத்தின் அடியில் இருக்கும் விளக்க முடியாத தீமையைக் கண் இமைக்காமல் பார்த்த கதைகள் அவை. டெரன்ஸ் மாலிக் 1973இல் எடுத்த 'பேட்லாண்ட்ஸ்' படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பாட்டு, கதை, படம் என்று வடிவங்கள் வேறாக இருந்தாலும் அவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருந்தது. துயரத்தைச் சொல்லும்போது அவை அதற்கு அலங்காரம் பூசவில்லை. கேட்பவரிடம் இரக்கத்தை வேண்டவும் இல்லை. தந்தை பேசாமல் விட்டதைப் பேச அந்த நேர்மை வேண்டியிருந்தது. இரத்தத்தால் வந்த வேருக்கு, தேர்ந்துகொண்ட வேர் வாய் தந்தது.

இன்னொன்றையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பழைய குரல்களில் பல, ஒலிப்பதிவுக் கூடங்கள் என்று இன்று நாம் சொல்லும் இடங்களில் பதிவானவை அல்ல. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் முதன்முதலாகப் பாடிப் பதிந்தது டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவில் ஒரு விடுதி அறையில். நாட்டுப்பாடல்களைச் சேகரித்த ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் 1933இல் கனத்த பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலச் சிறைகளுக்குள் போனார்கள். லூசியானாவின் அங்கோலா சிறையில் லெட் பெல்லி என்ற பாடகரைக் கண்டெடுத்தார்கள். எனவே படுக்கையறையில் பாடிப் பதிந்தது புதுமையாகத் தோன்றினாலும், பாடல் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்துவைக்கும் பழைய வழக்கத்துக்குத்தான் ஸ்பிரிங்ஸ்டீன் திரும்பியிருந்தார். ராகமும் சொல்லும் மட்டுமல்லாமல், பாடும் இடமும்கூட மரபின் ஒரு பகுதியாக இருக்க முடியும்.

கருவியைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ, இரண்டு மைக்குகள், ஒரு கிடார், ஒரு ஹார்மோனிகா, இன்னும் சில சிறு வாத்தியங்கள், கருவியை இயக்க உதவிக்கு ஒருவர். குரலும் கிடாரும் இரண்டு தடங்களை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இரண்டில் இன்னொரு குரலோ இன்னொரு வாத்தியமோ சேரலாம். அதற்குமேல் இடம் இல்லை. பதிந்ததை எதிரொலிக் கருவி வழியே செலுத்தி, ஒருமுறை ஆற்றுநீரில் நனைந்து பழுதாகிப் பிறகு உயிர்பெற்ற ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் கலந்து பிடித்தார்கள். ஒலிப்பொறியாளர் எவரும் முகம் சுளிக்கும் முறை.

நான்கு தடம் என்பது ஓர் எல்லை. எல்லைக்குள் நிற்பவர் எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பதைவிட, எது இல்லாமல் முடியாது என்றே யோசிக்க நேர்கிறது. நம் வாழ்விலும் வசதி பெருகப் பெருக முதல் கேள்விதான் வளர்கிறது, இரண்டாவது மங்கிவிடுகிறது. வேண்டியதைச் சேர்ப்பது திறமை சார்ந்தது. வேண்டாததை விடுவதற்கோ நமக்கு எது வேண்டும் என்ற தெளிவு முதலில் வேண்டும். அந்தத் தெளிவு, சேர்க்க வழியில்லாத இடத்தில்தான் பெரும்பாலும் பிறக்கிறது.

1982 ஏப்ரலில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஒலிப்பதிவுக் கூடத்தில் முழு இசைக்குழுவும் கூடியது. கேசட்டில் இருந்த பாடல்களை முறையாகப் பதிய முயன்றார்கள். சில பாடல்களுக்கு அது வாழ்வளித்தது. வியத்நாம் போரிலிருந்து திரும்பிய வீரனைப் பற்றிய 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' படுக்கையறைக் கேசட்டில் ஒடுங்கியிருந்த பாட்டு. இசைக்குழுவின் கையில் அது இடிமுழக்கமானது, 1984இல் அவருடைய மிகப் பெரிய வெற்றித் தொகுப்புக்கே பெயரானது. ஆனால் பெரும்பாலான பாடல்கள் வாத்தியம் சேரச் சேர உயிர் இழந்தன. வாசித்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அந்த முயற்சிகள் 2025இல் வெளியானபோது உலகமும் அதைக் கேட்டறிந்தது. இறுதியில் கேசட்டையே இசைத்தட்டாக்குவது என்று முடிவாயிற்று. அந்தத் தாழ்ந்த ஒலியைத் தட்டில் ஏற்றுவதற்கே தேர்ந்த பொறியாளர்கள் பல இடங்களில் திணற வேண்டியிருந்தது.

ஏன் அதை மீண்டும் செய்ய முடியவில்லை? அதே பாடகர், அதே சொல், அதே மெட்டு. கூடுதலாக நல்ல கருவிகளும் இருந்தன. கோல்ட்ஸ் நெக்கில் இருந்து பவர் ஸ்டேஷனில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: கேட்பவர் எவரும் இல்லை என்ற நிலை. மாதிரிக்காகப் பாடுபவர் தம்மை நிரூபிக்க வேண்டியதில்லை. தவறினால் திருத்திக்கொள்ளலாம் என்ற நிம்மதி அவருக்கு உண்டு. அந்த நிம்மதியில் மனம் தன் காவலைத் தளர்த்துகிறது. காவல் தளர்ந்த கணத்தில், சொல்ல நினைத்ததற்கும் அடியில் கிடந்த ஒன்று குரலில் ஏறிவிடுகிறது. கூடத்தில் அதையே மீண்டும் செய்ய முனைந்தபோது, அது நல்லது என்று அவருக்கு முன்பே தெரிந்துவிட்டிருந்தது. அறிந்துகொண்டு செய்யும் வெள்ளந்தித்தனம் வெள்ளந்தித்தனமாக இருக்க முடியாது.

இன்று நிலைமை தலைகீழ். அந்தக் கருவியைவிடப் பன்மடங்கு திறன்கொண்ட ஒலிப்பதிவுக் கூடம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. வீட்டில் பதிவது எளிதாகிவிட்டது. வீட்டில் தனியே இருப்பதுதான் அரிதாகிவிட்டது. பாடி முடிக்கும் முன்பே பார்வையாளர்கள் அறைக்குள் வந்துவிடுகிறார்கள். விருப்பக்குறிகளின் எண்ணிக்கை பாட்டின் அடுத்த வரியைத் தீர்மானிக்கிறது. மாதிரி என்ற நிலையே இல்லாமல் போகிறது. யாருக்கும் காட்டாமல் ஒன்றைச் செய்து, அதைச் சில வாரங்கள் பையிலேயே வைத்திருந்து, அது என்னவென்று தானே அறியக் காத்திருக்கும் பொறுமை பாடகர்களிடம் மட்டுமா குறைந்துவிட்டது? நம் எண்ணங்களையும் துக்கங்களையும்கூட, அவை இன்னதென்று நாம் அறியும் முன்பே, பிறர் பார்வைக்கு வைத்துவிடுகிறோமே.

இனி, அந்தத் தனிமையில் அவர் கண்டது என்ன என்பதற்கு வருவோம். தம் வேரைத் தேடிப் போனவர் தம்மைத்தான் காண்பார் என்று எதிர்பார்க்கிறோம். 'நெப்ராஸ்கா'வைக் கேட்டால் நாம் காண்பது ஒரு கூட்டம். முதற்பாட்டிலேயே ஒரு கொலையாளி. 1957 டிசம்பருக்கும் 1958 ஜனவரிக்கும் இடையில் பதினோரு பேரைக் கொன்று, 1959இல் நெப்ராஸ்கா மாநிலச் சிறையில் மின்நாற்காலியில் உயிர்விட்ட சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற இளைஞனைத் தழுவிய பாத்திரம். அடுத்து, கடன் நெருக்கி அட்லாண்டிக் சிட்டிக்குப் போய்க் கூடாத வேலைக்கு உடன்படும் ஒருவன். மாவா நகரின் கார்த் தொழிற்சாலை மூடப்பட்டதும் நிலைகுலைந்து, குடித்துவிட்டுத் துப்பாக்கி எடுக்கும் ஒரு தொழிலாளி. குற்றம் செய்த தம்பியைத் துரத்திச் சென்று, எல்லை தாண்டும் வரை பார்த்து நின்று விட்டுவிடும் ஒரு காவலர். இவர்களுக்கு இடையே, பழைய கார் வாங்கும் தந்தையின் கூச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுவன்.

கொலையாளியைப் பற்றிய பாட்டை முதலில் அவர் படர்க்கையில்தான் எழுதத் தொடங்கினார். பிறகு அதைத் தன்மைக்கு மாற்றினார். அந்த மாற்றத்தில் இருக்கிறது இந்தத் தொகுப்பின் அறநோக்கு முழுவதும். ஸ்பிரிங்ஸ்டீன் அவனை மன்னிக்கவில்லை, காரணம் காட்டித் தப்பவிடவும் இல்லை. ஆனால் 'அவன்' என்று சொல்லி விலகி நிற்கும் பாதுகாப்பைக் கைவிட்டார். எல்லா உறவும் அறுந்துபோன ஒருவன் எங்கே போய்ச் சேருவான் என்பதை, அந்த அறுபடலின் ஓரத்தில் தாமே நின்றுகொண்டிருந்த ஒரு பருவத்தில் கேட்டுப்பார்த்தார். நம் ஊர் இழவு வீடுகளில் ஒப்பாரி வைக்க வரும் பெண், பிறர் வீட்டுப் பிணத்தின் முன் அமர்ந்து, தன் பிள்ளையையும் தன் தாயையும் நினைத்தல்லவா அழுகிறாள்? அவளது அழுகையில் எது பிறர் துக்கம், எது தன் துக்கம் என்று பிரிக்க முடிவதில்லை. பிரிக்க முடியாததால்தான் அது கேட்பவர் அனைவரையும் அழவைக்கிறது. வேலையிழந்தவனின் குரலில் டக்ளஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் மௌனம் இருந்தது. தம்பியைப் போகவிட்ட காவலரின் தயக்கத்தில், தந்தையை நேசிப்பதா வெறுப்பதா என்று அறியாத மகனின் தயக்கம் இருந்தது.

அது வெளியான ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. அந்தப் பாடல்கள் நாட்டின் குரலாகவும் கேட்கப்பட்டன. ஆனால் நாட்டைப் பற்றிப் பாட வேண்டும் என்று ஒருவர் மேடையேறிப் பாடியதால் அது நேரவில்லை; தம் வீட்டுச் சமையலறை இருட்டைப் பற்றிப் பாட அமர்ந்தவரின் குரலில் எத்தனையோ வீடுகளின் இருட்டு தானாக வந்து சேர்ந்துகொண்டது. ஒருவர் தம் வேரை நோக்கி இறங்க இறங்க, தமக்கே உரியது என்று நினைத்த துயரம் பொதுச்சொத்தாகத் தெரியத் தொடங்குகிறது. மேற்பரப்பில் நாம் பெயராலும் ஊராலும் தொழிலாலும் பிரிந்திருக்கிறோம். ஆழத்தில், இழந்ததும் ஏங்கியதும் அஞ்சியதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. தன்னுள் போதிய தூரம் செல்லாதவருக்கே 'நான்' என்பது தனிச்சிறையாகிறது; கடைசிவரை சென்றவருக்கு அது பிறரிடம் திறக்கும் வாயிலாகிறது.

சிந்தனையை இங்கே முடித்துவிட்டால் அது ஆறுதலான சிந்தனையாக இருக்கும். கலை துயரத்தை வென்றது, தனிமை கனிந்து ஒருமையானது என்று நிறைவாகச் சொல்லிவிடலாம். ஆனால் நடந்தது அப்படியில்லை. அந்தப் பாடல்களையெல்லாம் பாடி முடித்த பிறகுதான் ஸ்பிரிங்ஸ்டீன் உடைந்தார். ஒரு நண்பருடன் காரில் நாட்டைக் குறுக்காகக் கடந்து கலிஃபோர்னியாவுக்குப் போகும் வழியில், டெக்சஸில் ஒரு சிற்றூர். அங்கே மக்கள் கூடி ஆடிப்பாடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாம் என்றைக்கும் வெளியே நின்று பார்க்க மட்டுமே விதிக்கப்பட்டவர் என்ற எண்ணம் அவரைச் சாய்த்தது. எத்தனையோ பேரின் துயரத்தைத் தம் குரலில் ஏந்தியவருக்கு, ஒரு சிற்றூர்க் கூட்டத்தின் மகிழ்ச்சிக்குள் கால்வைக்க வழி தெரியவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்ததும், மேலாளராகவும் நண்பராகவும் இருந்த ஜான் லாண்டாவின் உதவியால் மனநல மருத்துவத்தை நாடினார். மனச்சோர்வோடு பல பத்தாண்டுகள் போராடியதைப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதினார்.

1990இல் ஒரு மேடையில், 'நெப்ராஸ்கா'வில் உள்ள 'மை ஃபாதர்ஸ் ஹவுஸ்' பாடலைப் பாடும் முன் அவர் ஒன்றைச் சொன்னார். இரவுகளில் பழைய வீடுகளைச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பற்றித் தம் மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். அங்கே ஏதோ தவறாக நடந்துவிட்டது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கவே நீங்கள் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்றாராம் மருத்துவர். ஆம், அதற்குத்தான் போகிறேன் என்று ஒப்புக்கொண்டாராம் இவர். அது உங்களால் முடியாது என்பதே மருத்துவரின் மறுமொழி. அந்தப் பாட்டிலும் ஒரு மகன் தந்தையின் வீட்டைத் தேடி வந்து கதவைத் தட்டுகிறான். சங்கிலியிட்ட கதவுக்குப் பின்னால் அறிமுகமில்லாத ஒரு பெண், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்கிறாள். மருத்துவர் சொன்ன உண்மையைப் பாட்டு முன்பே சொல்லியிருந்தது. பாடியவருக்கு அது எட்டத்தான் காலம் பிடித்தது.

இந்த இடைவெளியை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் உண்மையைச் சொல்லிவிடுவதற்கும் அந்த உண்மையோடு வாழக் கற்பதற்கும் இடையே உள்ள தூரத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மனம் திறந்து பேசிவிட்டால் பாரம் குறையும் என்கிறோம். எழுதிவிட்டால் ஆறும் என்கிறோம். பல வேளைகளில் குறைவதில்லை, ஆறுவதில்லை. சொல் காயத்தைக் காட்டும் விளக்கு. காட்டுவது முதல் தேவைதான், அதுவே மருந்தாகிவிடாது. தனிமைக்கு உண்மையைக் கண்டறியும் வலிமை உண்டு, கண்டதைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. தாங்குவதற்கு வேறொரு மனிதர் வேண்டும். கேட்கவும், மறுக்கவும், முடியாததை முடியாது என்று சொல்லவும் எதிரே ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும்.

பழைய வீட்டில் தேடியது அவருக்கு ஒருநாள் வேறு வழியில் கிடைத்தது. அதே 1990இல், அவருடைய முதல் குழந்தை பிறக்கச் சில நாட்களே இருந்தபோது, தந்தை டக்ளஸ் சொல்லாமல் கொள்ளாமல் பல நூறு மைல் காரோட்டி அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். மேசையருகே அமர்ந்து, நீ எங்களுக்கு நல்லவனாக இருந்தாய், நான் உனக்கு நல்லவனாக இருக்கவில்லை என்ற பொருளில் மிகச் சில சொற்கள் சொன்னார். நீளமான விளக்கம் இல்லை. பழையது எதுவும் திருத்தப்படவும் இல்லை. ஆனால் தகப்பனாகப் போகும் மகனிடம், தம் தவறுகளை மகன் மீண்டும் செய்ய வேண்டியதில்லை என்று தெரிவிக்க வந்த பயணம் அது என்பதை மகன் புரிந்துகொண்டார். எட்டாண்டுகளுக்கு முன் நான்கு தடங்களில் தேடியும் கிடைக்காத மறுமொழி, வாழும் ஒரு மனிதரின் வருகையில் கிடைத்தது.

அப்படியானால் அந்தப் பாடல்கள் வீணா? இல்லை. தன் காயம் இன்னதென்று அறியாத மகன், மன்னிப்பு வாசலுக்கே வந்தாலும் அதை மன்னிப்பென்று அறிந்திருக்கமாட்டான். வந்தவரின் தடுமாற்றத்தைக் கண்டு எரிச்சலுற்று, பழைய கோபத்தை மீண்டும் தொடங்கியிருப்பான். படுக்கையறையில் அமர்ந்து பிறர் குரல்களில் தந்தையைப் பாடிப் பார்த்தவருக்கே, மேசையில் சொல்லப்பட்ட அந்தச் சில சொற்களின் எடை தெரிந்தது. தனிமையின் உழைப்பு உறவுக்கு மாற்றாக நிற்க முடியாது. உறவு வரும் நாளில் அதை அடையாளம் காண நம்மைத் தகுதியாக்குவதே அதன் பயன்.

கலைஞர் அல்லாத நமக்கும் இது பொருந்தும். பெற்றோரிடமிருந்து வந்த அச்சம், பாட்டியின் தீராத துக்கம், யாரும் பேசாத ஏதோ ஓர் இழப்பு என்று ஒவ்வொருவரும் தாம் தொடங்கி வைக்காத ஒரு கணக்கைச் சுமந்துகொண்டு பிறக்கிறோம். அதை மறுத்து மேலே மேலே ஏறினாலும் அது நம்மோடு ஏறுகிறது, அதிலேயே அமிழ்ந்துவிட்டாலும் நம் பிள்ளைகளுக்குக் கைமாறுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: யாரும் பார்க்காத ஓர் இடத்தில், கைவசம் உள்ள எளிய கருவியோடு, நமக்கு முன் வாழ்ந்தோர் தம் துயரைச் சொன்ன மொழிகளைத் துணைகொண்டு, அந்தக் கணக்கை ஒருமுறையேனும் நேர்மையாக எழுதிப் பார்ப்பதும், எழுதிய பின் அந்த அறையிலேயே தங்கிவிடாமல் எழுந்து மனிதரிடம் வருவதும். வேரை அறியத் தனியே இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த இறக்கத்தில் எவரும் துணைவர முடியாது. ஆனால் வேரை அறிவது வாழ்வின் நோக்கமாகிவிடாது. அறிந்ததைக் கொண்டு, நம்மிடம் வந்து சேர்ந்த துயரம் நம்மைக் கடந்து அடுத்தவரிடம் போகாமல் தடுப்பதும், நம் முன்னால் தயங்கி நிற்கும் மனிதருக்கு இடம் கொடுப்பதுமே நோக்கம். தன்னை அறிதல் என்று ஞானிகள் சொல்லிவந்தது தன்னோடு முடிந்துவிடும் அறிவாக இருந்ததில்லை. பிறரைத் தாங்கும் அளவுக்கு ஒருவரை அது விரிவாக்கும்போதே அந்த அறிதல் நிறைவுபெறுகிறது.